அய்யனுக்குக் காது கேக்கலையா, புரியலையா, பேச வரலையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

சோமனூர்த்தறி (இழையைத் தொடங்கியவர்)
வணக்கமுங்க. எங்கய்யனுக்கு 64 வயசு. 12 வயசுல தறிக்கு நூல்தார் சுத்தப் போனவரு, போன வருசம் வரைக்கும் தறிக்குடோன்தான் உலகம். காது பத்து வருசமாவே மந்தம். மூணு வருசம் முன்னால ரெண்டு காதுக்கும் மிசின் வாங்கிக் குடுத்தோம், நெனச்சா போடுவாரு.

போன மாசம் ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துபோச்சு. 19 நாள் ஆஸ்பத்திரி. சாப்பாடு ஊத்தறதுக்கு மூக்குல ட்யூப்போட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல "சொல்வது புரியவில்லை, பேச்சு இல்லை"ன்னு இருக்குது. இப்ப என்ன கேட்டாலும் தலையாட்டறாரு. "டீ வேணுமா"ன்னாலும் ஆட்டறாரு, "வேண்டாமா"ன்னாலும் ஆட்டறாரு. நேத்து எங்க பெரியம்மா மனசு கேக்காம ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துட்டாங்க. இருமி இருமி கண்ணெல்லாம் செவந்துபோச்சுங்க.

எதை முதல்ல பாக்கோணும்னே தெரியல. அம்மா ஒருபக்கம் அழுதுட்டு உக்காந்திருக்குது.

ஈரோட்டுமஞ்சள்
கவலைப்படாதீங்க தம்பி. பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, வெதுவெதுப்பா காதுல ரெண்டு சொட்டு விடுங்க. எங்க அப்பிச்சிக்கு (அம்மாவோட அப்பா) அப்படித்தான் கேட்டுது.

பேச்சுப்பயிற்சி_கோபி
எண்ணெய் வேண்டாமுங்க. அப்பிச்சிக்கு அழுக்கு அடைச்சிருந்து எண்ணெய்ல ஊறி வந்திருக்கும், அது வேற கதை. சவ்வுல ஓட்டை இருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போய்ச் சீழ் வெக்கும்.

நான் பேச்சு, செவித்திறன் பயிற்சியாளர், 14 வருசமா இதுதான் வேலை. தம்பி, ஒரே ஒரு கேள்வி. ஆஸ்பத்திரில இருந்த 19 நாளும் அந்தக் காது மிசின் எங்க இருந்துச்சு?

சோமனூர்த்தறி
பீரோவுலங்க. எம்ஆர்ஐ எடுக்கறப்ப கழட்டச் சொன்னாங்க. அம்மா முந்தானையில முடிஞ்சுட்டு வந்து வீட்டு பீரோவுல வெச்சுட்டாங்க. இப்ப நீங்க கேட்டப்புறந்தான் ஞாபகமே வருது.

பேச்சுப்பயிற்சி_கோபி
அப்ப அந்தச் சீட்டுல "புரியவில்லை"ன்னு இருக்கறதை நான் பாதிதான் நம்புவேன். மிசின் இல்ல, பக்கத்துல மானிட்டர் கூவுது, டாக்டர் மாஸ்க் போட்டிருக்காரு. உங்கய்யன் மாதிரி ஆளுக உதட்டைப் பாத்துத்தான் பாதியைப் புரிஞ்சுக்குவாங்க. மாஸ்க் போட்டா அந்தப் பாதியும் போச்சு.

தறியில காது எப்படிப் போகுதுன்னு முதல்ல சொல்லீர்றேன், ஏன்னா அது தெரியாமத்தான் எல்லாரும் கத்தறாங்க. உள்காதுல நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதுக்குள்ள மயிரிழை முளைச்ச செல்லுக. நாள்பூரா இரைச்சல் அடிச்சா அந்தச் செல்லு செத்துரும், நகம்னா மறுபடி வளரும், இது வளராது. முதல் அடி விழறது 4000 ஹெர்ட்ஸ்ங்கற மேல்ஸ்தாயி பக்கம். காது டெஸ்ட் எடுத்தப்ப ஆடியோகிராம்னு ஒரு கட்டம் போட்ட தாள் குடுத்திருப்பாங்க பாருங்க, அதுல கோடு அந்த இடத்துல பள்ளத்துல விழுந்திருக்கும். ச, த, க மாதிரி எழுத்துகளோட கூர்மை அந்த மேல்ஸ்தாயிலதான் இருக்குது. ம, ந, உயிரெழுத்தெல்லாம் கீழ்ஸ்தாயி, அது கடைசி வரைக்கும் கேக்கும். அதனாலதான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியல"ம்பாங்க. தட்டா, கட்டா, சட்டியான்னு பிரிக்க முடியாது. நீங்க கத்தினா உயிரெழுத்துதான் பெருசாகும், மெய்யெழுத்து தெளியாது.

ரெண்டாவது, பக்கவாதம். மூளையில இடது பக்கம் அடிபட்டா வலது கை கால் விழும். பெரும்பாலான ஆளுகளுக்கு மொழி இருக்கறதும் இடது பக்கந்தான். சிலருக்குப் புரியும், சொல்லு வராது. சிலருக்குச் சொல்லு கொட்டும், அர்த்தம் இருக்காது, மத்தவங்க பேசறதும் ஏறாது. இதை அஃபேசியான்னு சொல்லுவோம். நாக்கு, உதட்டுத் தசை தளர்ந்து குழறறது இன்னொண்ணு, அதுக்கு டிஸ்ஆர்த்ரியான்னு பேரு. ரெண்டும் சேர்ந்தும் வரும். எதுலயும் புத்தி போயிருச்சுன்னு அர்த்தமில்ல, அவரு முன்னாடி அப்படி யாரும் பேசவும் வேண்டாம்.

இன்னைக்கு இதைச் செய்ங்க. மிசினைப் போட்டு, ஃபேனை நிறுத்தி, அவரோட இடது பக்கமா உக்காருங்க. வலது பக்கப் பார்வையும் விட்டுப்போயிருக்கலாம். வெளிச்சம் உங்க மூஞ்சில விழோணும். "இது சோமனூரா?"ன்னு கேளுங்க. கொஞ்சம் பொறுத்து "இது மெட்ராஸா?"ன்னு கேளுங்க. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஆட்டினா அந்தத் தலையாட்டலை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அப்புறம் டம்ளர், சீப்பு, சாவி மூணையும் முன்னால வெச்சு "சீப்பு எடுங்க"ன்னு சொல்லுங்க. சொல்றப்ப சீப்பைப் பாக்காதீங்க, நம்ம கண்ணு காட்டிக்குடுத்துரும்.

வாய்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட இப்போதைக்கு வேண்டாம். பெரியம்மாகிட்டக் கண்டிப்பாச் சொல்லீருங்க. அதைப் பத்தித் தனியா எழுதறேன்.

பல்லடம்_ஓனர்
எல்லாத்துக்கும் தறி மேல பழி போடறது இப்ப ஒரு பழக்கமாப்போச்சு. வயசானா எல்லாருக்குந்தான் காது மந்தமாகுது. எனக்கு 58. முப்பது வருசமா குடோனுக்குள்ளதான் இருக்கறேன். நல்லாத்தான் கேக்குது. பழகிருச்சுன்னா சத்தம் ஒண்ணும் பண்ணாது.

நொய்யல்_மேற்கு
அண்ணா, நான் ஒரு ஸ்பின்னிங் மில்லுல பாதுகாப்புப் பிரிவுல இருக்கறேன், சத்தம் அளக்கறதே என் சோலி. 85 டெசிபல்னா 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100-க்கு வந்தீங்கன்னா 15 நிமிசந்தான். நாடாத் தறி (நூலோட நாடா அங்கயும் இங்கயும் ஓடி நெய்யற தறி) ஓடற குடோன் 95-ஐத் தாண்டி நிக்கும். நம்ம ஆளுக ஷிப்ட்டுக்கு 12 மணி நேரம் நிக்கறாங்க.

பழகிருச்சுன்னு சொல்றீங்களே, பழகறதுன்னா அந்த ஸ்தாயி காதுல செத்துப்போச்சுன்னும் அர்த்தம் வரலாமுங்ணா. அண்ணிகிட்ட டிவி எவ்வளவு சத்தத்துல ஓடுதுன்னு கேட்டுப் பாருங்க.

1948 தொழிற்சாலைச் சட்டத்துல மூணாம் அட்டவணையிலயே இரைச்சலால வர்ற காது கேளாமை, அறிவிக்கவேண்டிய தொழில்நோய்னு இருந்துச்சு. வீட்டையொட்டி நாலு தறி, எட்டுத் தறி ஓட்டறவங்க பக்கம் எந்தச் சட்டமும் எட்டிப்பாக்கறதில்லங்கறது வேற விசயம்.

காதுல பஞ்சு வெக்கறது பத்தாது. நுரைப் ப்ளக்கை மெல்லிசா உருட்டி, காது மடலை மேலாப்புல இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு, விரிஞ்சு அடைக்கற வரைக்கும் அரை நிமிசம் விரலால அமுக்கிப் புடிக்கோணும். பாதிப் பேரு சும்மா வாசல்ல சொருகிட்டு "ப்ளக் வேலை செய்யல"ம்பாங்க.

வெள்ளகோவில்_மருமக
சோமனூர்த் தம்பி, விழுங்கறதைப் பத்தி நான் சொல்றேன், பட்டவ. எங்க அத்தைக்கு ரெண்டு வருசம் முன்னால ஸ்ட்ரோக். ட்யூப் எடுத்தாச்சு, சாப்பிடறாங்கன்னு சந்தோசமா இருந்தோம். இருமவே இல்ல. ஆனா சாயங்காலமானா லேசா காய்ச்சல், தொண்டையில தண்ணி கட்டின மாதிரி களகளன்னு குரல். சளிதான்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். மூணாவது வாரம் நிமோனியா. உணவு நுரையீரலுக்குப் போயிருக்குது, இருமலே வராம போகுமாம்.

இன்னொண்ணும் சொல்லோணும். "கெட்டியாக் குடுங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. நான் ராகிக் களி கிண்டிக் குடுத்தேன். நம்ம ஊர்ல களியை மெல்லாம உருட்டி விழுங்கறதுதானே வழக்கம்! அத்தைக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு, நான் விரலை விட்டு எடுத்தேன். அந்த அஞ்சு நிமிசம் இன்னும் கை நடுங்குது.

பேச்சுப்பயிற்சி_கோபி
அக்கா சொன்னதுல ரெண்டு பெரிய பாடம் இருக்குது.

விழுங்கறப்ப மூச்சுக்குழாய் ஒரு நொடிக்கும் குறைச்சலா மூடித் திறக்கும். பக்கவாதத்துல அந்த மூடி லேட்டாகும். தண்ணிதான் இருக்கறதுலயே வேகமா ஓடற பொருள், மூடறதுக்குள்ள உள்ள போயிரும். நம்ம எல்லாரும் "சோறுதான் கஷ்டம், தண்ணி தானே"ன்னு நெனைக்கறோம், விசயம் தலைகீழ். இருமினா காவல்காரன் முழிச்சிருக்கான்னு அர்த்தம். இருமாம உள்ள போறதுதான் ஆபத்து, அது வெளிய தெரியாது. எக்ஸ்ரே வீடியோவோ, மூக்கு வழியா மெல்லிசு கேமராவோ விட்டுப் பாத்தாத்தான் தெரியும். குரல் களகளங்கறது, சாப்பிட்டப்புறம் காய்ச்சல், அடிக்கடி நெஞ்சுச் சளி, இந்த மூணுல எது வந்தாலும் நிறுத்திட்டு ஓடியாருங்க.

"கெட்டி"ங்கற சொல்லே பிரச்சினை. ஒருத்தருக்கு மோர் கெட்டி, இன்னொருத்தருக்குக் களி கெட்டி. அதுக்கோசரந்தான் ஐடிடிஎஸ்ஐன்னு உலகம் பூரா ஒரே அளவு வெச்சிருக்காங்க, 0-லருந்து 7 வரைக்கும். பானத்துக்கு வீட்டுலயே அளக்கலாம். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் 10 வரைக்கும் ஊத்தி, அடியில விரலால அடைச்சு, விரலை எடுத்து 10 நொடி விடுங்க. மிச்சம் 1 மில்லிக்கும் குறைவுன்னா அது தண்ணி, அளவு 0. ஒண்ணுலருந்து நாலுன்னா அளவு 1. நாலுலருந்து எட்டுன்னா 2. எட்டுக்கு மேல நின்னா 3. சொட்டே விழலைன்னா 4. எல்லாச் சிரிஞ்சும் ஒரே நீளம் கிடையாது, 0-லருந்து 10 வரைக்கும் கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்கறதா ஸ்கேல் வெச்சுப் பாத்து எடுங்க. உங்க ஆளுக்கு எந்த அளவுங்கறதை நேர்ல பாத்தவங்கதான் சொல்லோணும், இழையைப் படிச்சு நீங்களா முடிவு பண்ணக்கூடாது. அளவு சொல்லிட்டாங்கன்னா கம்மங்கூழு, பச்சைப்பயிறு கடைசல், குழைய விட்ட அரிசிம்பருப்பு எல்லாத்தையும் அதுக்குத் தக்கன மசிச்சுக்கலாம். ரசஞ்சாதம் மாதிரி தண்ணியும் பருக்கையும் பிரிஞ்சு நிக்கறதுதான் கஷ்டமான ஜாதி.

கூழுல ஒரு சூட்சுமம். வாய்ல வெச்ச கரண்டியைத் திரும்பக் கிண்ணத்துல முக்கி முக்கிக் குடுத்தீங்கன்னா, எச்சில்ல இருக்கற அமிலேஸ்ங்கற நொதி மாவைக் கரைச்சு கூழு நீர்த்துப்போகும். முதல் கரண்டி அளவு 3, பத்தாவது கரண்டி அளவு 1. கொஞ்சங் கொஞ்சமா வேற கிண்ணத்துல ஊத்திக் குடுங்க.

தம்பி, உங்களுக்கு இப்ப ட்யூப்தான். ஊத்தறப்பத் தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாம ஒசத்துங்க, முடிஞ்சும் அரை மணி நேரம் படுக்க விடாதீங்க. மூக்குகிட்ட ட்யூப்ல ஒரு குறி இருக்கும், அது நகந்திருந்தா ஊத்தவே கூடாது. வாய்ல சாப்பாடு இல்லைன்னாலும் ரெண்டு வேளை வாயைத் துடைச்சுச் சுத்தம் பண்ணோணும். எச்சில் எப்படியும் உள்ள இறங்கும், அழுக்கு எச்சில் இறங்கினா நிமோனியா.

கரூர்_டெக்ஸ்டைல்
டிவில விளம்பரத்துல 1,500 ரூபாய்க்கு மிசின் வருதே, எதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றீங்க? எங்க மாமா அதைத்தான் போட்டிருக்காரு.

நொய்யல்_மேற்கு
அது ஒலிபெருக்கிங்க. சோறும் கல்லும் மாதிரி, பேச்சு, இரைச்சல் எல்லாத்தையும் ஒட்டுக்காப் பெருசாக்கும். ஆடியோகிராம்ல எந்த இடத்துல பள்ளமோ அங்க மட்டும் தூக்கிக் குடுக்கறதுதான் காது மிசின். காசில்லைன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க. 2016 சட்டப்படி ரெண்டு காதுலயும் பேச்சு அலைவரிசையில 60-லருந்து 70 டெசிபல் இழப்புன்னா கேட்கும் திறன் குறைஞ்சவங்க, 70 போச்சுன்னா காது கேளாதவங்க. மாமாவுக்கு முதல்ல டெஸ்ட் எடுங்க.

கோவைப்புதூர்க்காரன்
இடையில புகுந்து கேக்கறேன், மன்னிக்கோணும். எனக்கு 41. ஒன்பது நாள் முன்னால தூங்கி எந்திரிச்சப்ப இடது காது அடைச்சிருச்சு, உய்யுன்னு சத்தம். சளின்னு ஆவி புடிச்சுட்டு இருக்கறேன். சரியாகிருமா?

பேச்சுப்பயிற்சி_கோபி
ஃபோனை வெச்சுட்டு இன்னைக்கே காது டாக்டர்கிட்டப் போங்க. உள்காது நரம்பு திடீர்னு விழுந்திருந்தா ஸ்டீராய்டு மருந்துக்கு ரெண்டு வாரத்துக்குள்ளதான் நல்ல பலன். ஒன்பது நாள் ஏற்கெனவே போயாச்சு.

ஆனைமலை_அம்மா
இழை வேற பக்கம் போகுதுன்னு திட்டாதீங்க. என் பொண்ணு பிறவியிலயே காது கேக்காதவ. எனக்கும் எங்க மாமன் மகனுக்கும் கல்யாணம். காது கேக்கற ரெண்டு பேருக்கு எப்படி இப்படிப் பிறந்துச்சுன்னு ஊரே கேட்டுச்சு. ஒரே பழுதான மரபணுவை ரெண்டு பேரும் சத்தமில்லாமச் சுமந்துட்டிருந்து, பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து போயிருக்குது. சொந்தத்துல கட்டினா அப்படிச் சேர்றதுக்கு வாய்ப்பு அதிகமாம். இதைக் கல்யாணத்துக்கு முன்னால ஒருத்தரும் சொல்லல, எல்லாரும் தோட்டம் பிரியாம இருக்கறதைத்தான் பேசினாங்க.

பொறந்து ஒரு மாசத்துக்குள்ள சோதனை, மூணு மாசத்துக்குள்ள முடிவு, ஆறு மாசத்துக்குள்ள மிசினோ பயிற்சியோன்னு ஒரு கணக்கு இருக்குதாம். எங்களுக்குத் தெரிஞ்சதே ரெண்டு வயசுல. சட்டி விழுந்தா திரும்புவா, அது அதிர்வுன்னு எங்களுக்கு விளங்கல. சத்தியமங்கலம், திம்பம் வழியா 27 கொண்டை ஊசி ஏறி மைசூருக்குப் போனோம். 1965-லருந்து இருக்கற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் அங்கதான். முதலமைச்சர் காப்பீட்டுல ஆறு வயசுக்குள்ள காக்ளியர் (உள்காதுல ஆப்பரேசன் பண்ணி வெக்கற கருவி) வெக்கலாம்னாங்க, வெச்சோம்.

ஆனா ஒரு குறை எனக்கு இருக்குது. "கையைக் காட்டிப் பேசாதீங்க, பேச்சு வராது"ன்னு அப்ப ஒருத்தர் பயமுறுத்துனாங்க, ரெண்டு வருசம் கையைக் கட்டிப்போட்டு வளத்தேன். இப்பச் சைகையும் கத்துக்கறா, வாய்லயும் பேசறா. ரெண்டும் சண்டை போட்டுக்கல.

சோமனூர்த்தறி
எல்லாத்துக்கும் நன்றிங்க. ரெண்டு நாளா நடந்ததைச் சொல்றேன்.

மிசினைப் போட்டா சத்தமே இல்ல. மூடி சாத்தியே இருந்ததுல பேட்டரி தீந்துபோச்சு. 13 நம்பர், ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிசம் காத்தாட விட்டுப் போடோணும்னு கடைக்காரர் சொன்னாரு. அப்பவும் ஒரு காது கேக்கல, காதுக்குள்ள சொருகற அச்சுல ஓட்டை பூரா அழுக்கு. தொடைச்சேன். அப்புறம் பாத்தா வலது, இடது மாத்திப் போட்டிருக்கறோம். சிவப்பு வலது, நீலம் இடதுன்னு மூணு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் கவனிக்கறேன்.

"இது சோமனூரா?" தலையாட்டினாரு. "இது மெட்ராஸா?" முறைச்சாரு. அந்த முறைப்பு எனக்குச் சின்ன வயசுலருந்து தெரியுமுங்க. சாவி, டம்ளர் சரியா எடுத்தாரு. சீப்புக்குத் தடுமாறினாரு. மூணு சேர்த்துச் சொன்னா குழம்புது. பேச்சுன்னா "அது... அது..."ங்கறதோட நிக்குது.

அம்மாவும் 20 வருசம் தறி ஓட்டினவங்க. குடோனுக்குள்ள வாய்ப்பேச்சு எடுபடாதுங்களா, எல்லாம் கையிலயும் உதட்டுலயுந்தான். அம்மா நேத்து பேச்சே இல்லாம நூல் அந்துபோச்சுங்கற சைகையைக் காட்டினாங்க. அய்யன் இடது கையில முடிச்சுப் போடற மாதிரி காட்டினாரு. அம்மா அழுது சிரிச்சு ஒரே கூத்து.

பேச்சுப்பயிற்சி_கோபி
படிச்சுட்டு நானும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அஃபேசியாவுல சைகையும் சிலருக்குத் தப்பும். உங்கய்யனுக்குத் தப்பலைன்னா அது பெரிய சொத்து.

இப்ப ஒரு அட்டை தயார் பண்ணுங்க. கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். எட்டுப் படத்துக்கு மேல வேண்டாம். இன்டர்நெட்டுல எடுத்த வெள்ளைக்காரன் கட்டில் படம் போடாதீங்க, உங்க வீட்டுக் கட்டில், உங்க ஃபேன், அம்மா போட்டோ, வலி இருக்கற இடம் காட்ட ஒரு உடம்புப் படம். படத்துக்குக் கீழ பெரிய எழுத்துல சொல்லு. இடது பக்கமாப் புடிங்க. கடைசிக் கட்டம் காலியா விட்டு "இதுல இல்ல"ன்னு எழுதுங்க. அந்தக் கட்டம் இல்லைன்னா, நாம நெனச்சதை மட்டுந்தான் அவரு கேக்க முடியும். நீங்களும் பேசறப்பப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசோணும், அவருக்கு மட்டும் பரீட்சை வெக்கக்கூடாது.

ஆனைமலை_அம்மா
சென்னையில செஞ்ச அவாஸ்னு ஒரு செயலி இருக்குது, படத்தைத் தொட்டா பேசும், தமிழும் வருது. பேசறதை எழுத்தாக் காட்டற லைவ் டிரான்ஸ்கிரைப்பும் தமிழ்ல உண்டு, காது கேக்காதவங்களுக்கு உதவும். நம்ம பேச்சுல "போறனுங்க"ன்னா அது என்னென்னமோ எழுதும், புத்தகத் தமிழ்ல பேசோணும், அதான் கூத்து.

பேச்சுப்பயிற்சி_கோபி
அவாஸ் நல்ல செயலிதான். ஆனா ஃபோனே தொடாத ஆளுக்கு முதல்ல அட்டை. அட்டையில பழகினப்புறம் யோசிக்கலாம்.

பல்லடம்_ஓனர்
ஃபோன்ல செயலி போட்டு அளந்து பாத்தேன். 98 காட்டுது. டிவி 42-ல ஓடுதுன்னு வீட்டுல சொல்றா, எனக்குத் தெரியவே தெரியாது. ப்ளக் எங்க மொத்தமாக் கிடைக்கும் நொய்யல்?

நொய்யல்_மேற்கு
தனி மடல் போடறேனுங்ணா. நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துருங்க.

சோமனூர்த்தறி
பத்து நாள் கழிச்சு எழுதறேன். விழுங்கற சோதனை முடிஞ்சுது. அளவு 3 கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கலாம், தண்ணி இன்னும் வேண்டாம்னு சொல்லீருக்காங்க. ட்யூப் இன்னும் இருக்குது. ராகிக் கூழை சிரிஞ்சில் அளந்து ஆறு கரண்டி குடிச்சாரு. பெரியம்மா இப்பக் கரண்டியை முக்கறவங்களை அதட்டிட்டு இருக்காங்க.

நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு அட்டையில "இதுல இல்ல"ங்கற கட்டத்தைத் தட்டிட்டே இருந்தாரு. ஃபேனா, கட்டிலா, வலியா, பாத்ரூமான்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். எல்லாத்துக்கும் முறைப்பு. மோரான்னுகூடக் கேட்டாச்சு. அரை மணி நேரம் போச்சு. கடைசில காதைத் தொட்டாரு, ஜன்னலைக் காட்டினாரு, தறி நாடா ஓடற மாதிரி கையை ஆட்டினாரு. பக்கத்து வீட்டுத் தறியில நைட் ஷிப்ட் ஓடுதுங்க. மிசின் போட்டதுலருந்து அந்தச் சத்தம் அவருக்குத் தாங்கல. கழட்டுங்கறாரு.

கழட்டி பேட்டரி மூடியைத் திறந்து வெச்சுட்டேன். தூங்கிட்டாரு. காலையில மிசினை போட்டோ எடுத்து ஒன்பதாவது படமா ஒட்டியாச்சு.